தரகரும் பேராசிரியரும்: பொருளியற் புலமையின் சமூக அடித்தளம் பற்றிய ஒரு குறிப்பு

பொருளியல் கற்பிப்பவர் ஒருவர், வாடிக்கையாளரின் பணத்தைக் கையாளும் தொழிலையும் மேற்கொண்டிருப்பாராயின், அவரது ஆய்வு முடிபுகளை நாம் எவ்வாறு எடைபோடுதல் வேண்டும்? இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. சந்தையை நேரில் அறிந்தவரே சந்தையைப் பற்றி எழுதத் தகுதியுடையவர் என்பது ஒன்று. இலாபத்திற் பங்குடையவர் உண்மையைக் கூறார் என்பது மற்றையது. முன்னையது அனுபவத்தையே அறிவென மயங்குகிறது. பின்னையது வர்க்க ஆய்வைத் தனிமனித ஒழுக்க விசாரணையாகச் சுருக்கிவிடுகிறது.

இலக்கிய ஆய்வாளராகிய நமக்கு இச்சிக்கல் புதிதன்று. 1888 ஆம் ஆண்டு மார்கிரட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், மன்னராட்சியை ஆதரித்த பல்சாக் தமது அரசியற் பரிவுகளுக்கு மாறாகவே பிரபுக்களின் வீழ்ச்சியைச் சித்திரித்தார் என விளக்கினார். அக்கடிதத்தை எழுதியவரே மான்செஸ்டர் நகரின் பருத்திக் கம்பனியொன்றில் 1850 முதல் 1869 வரை பணியாற்றியவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆலை இயந்திரங்கள் எத்தனை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன என 1858 இல் மார்க்ஸ் வினவியபோது, அத்தொழிலிற் பெற்ற கணக்கறிவைக் கொண்டே எங்கெல்ஸ் விடையளித்தார். எனவே, ஆய்வாளர் தொழில் பார்த்தாரா என்பதன்று வினா. அத்தொழில் அவரது கோட்பாட்டில் எதனைத் துலக்கியது, எதனை மறைத்தது என்பதே வினாவாகும்.

1

டேவிட் றிக்காடோ (1772-1823) பதினான்கு வயதிலேயே தந்தையாரின் பங்குத்தரகுத் தொழிலிற் புகுந்தவர். 1799 இல் அடம் சிமித்தின் நூலை வாசித்த பின்னரே பொருளியலில் நாட்டங்கொண்டார். நெப்போலியனுக்கு எதிரான போர்க்காலத்தில் பிரித்தானிய அரசு திரட்டிய கடன்களைப் பொறுப்பேற்று, அவற்றை முதலீட்டாளரிடையே பகிர்ந்தளித்த ஒப்பந்தகாரருள் அவரும் ஒருவர். 1815 ஜூன் 14 இல் 3 கோடி 60 இலட்சம் பவுண் கடனுக்கான ஒப்பந்தம் முடிந்தது. நான்கு நாள்களில் வாட்டர்லூப் போர் நிகழ்ந்தது. வெற்றியினால் கடன்பத்திரங்களின் விலை உயர, றிக்காடோ பெரும் இலாபம் ஈட்டினார். அதே கடனில் தம் நண்பர் மல்தூசுக்கும் 5,000 பவுண் பங்கினை அவர் ஒதுக்கியிருந்தார். மல்தூசோ அஞ்சி, போருக்கு முன்னரே அதனை விற்றுவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

மல்தூஸ் 1805 முதல் கிழக்கிந்தியக் கம்பனியின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பங்குச் சந்தை அவரது தொழிலன்று. எனினும், தானியச் சட்டங்களை ஆதரித்து நிலவுடைமையாளருக்காக வாதாடியவர் அவரே. 1814 இல் தாமே பண்ணைநிலம் வாங்கிய றிக்காடோவோ, மறு ஆண்டிலேயே நிலவுடைமையாளரின் நலன் ஏனைய வர்க்கங்களின் நலனுக்கு முரணானது என எழுதினார். அரசுக்கடனால் செல்வம் சேர்த்த அவர், சொத்துடையோர்மீது வரிவிதித்து அக்கடனை முற்றாகத் தீர்த்துவிட வேண்டும் எனப் பிற்காலத்தில் வற்புறுத்தினார். 1821 இல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் பதிப்பில், இயந்திரங்கள் தொழிலாளருக்குத் தீங்கு விளைத்தல் கூடும் என்பதை ஏற்று, முந்திய கருத்தைத் திருத்திக்கொண்டார். மார்க்ஸ் றிக்காடோவின் விஞ்ஞான நேர்மையை விதந்துரைத்து, மல்தூசை ஆளும் வர்க்கத்தின் ஏவலாளராகக் கண்டித்தமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும், இந்நேர்மையைத் தனிமனிதப் பண்பாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியோடு இணைந்து மேலெழுந்துகொண்டிருந்த ஒரு வர்க்கத்தின் நேர்மை அது. மூலதன உறவுகள் நிலையானவை என்ற எண்ணம் அவரது எல்லையாக அமைந்தது.

2

ஒரு நூற்றாண்டின் பின்னர் இதே இருமைநிலையை நாம் கெயின்சிடம் (1883-1946) காண்கிறோம். கேம்பிரிட்ஜில் கற்பித்தும், 1911 முதல் முன்னணிப் பொருளியற் சஞ்சிகையொன்றின் ஆசிரியராகப் பணிபுரிந்தும் வந்த அவர், 1919 இல் திறைசேரியை விட்டு விலகியதும் நாணயச் சூதில் இறங்கினார். தம் பணத்தோடு உறவினர், நண்பர் பணமும் அதில் இருந்தது. 1920 மே மாதத்தில் அனைத்தும் கரைந்தன. நிதியாளர் ஒருவர் கடனாக அளித்த 5,000 பவுணே அவரை முறிவினின்றும் காத்தது. 1921 இல் ஆயுட்காப்புறுதிக் கம்பனியொன்றின் தலைவரானார். 1924 இல் கிங்ஸ் கல்லூரியின் முதன்மை நிதியாளரானார். தவணைக் காலங்களில் வாரத்தின் நடுப்பகுதி இலண்டனுக்கும் எஞ்சிய நாள்கள் கேம்பிரிட்ஜுக்கும் உரியனவாயின.

வர்த்தகச் சுழற்சியை முன்னறிந்து வாங்கவும் விற்கவும் தம்மால் இயலும் என அவர் 1920களில் நம்பினார். 1929 இன் வீழ்ச்சியை அவர் முன்னறிந்திலர்; பெரும் இழப்புக்கு உள்ளானார். அதன்பின் சில கம்பனிகளின் பங்குகளை ஆராய்ந்து தெரிந்து, நெடுங்காலம் வைத்திருக்கும் முறைக்கு மாறினார். 1936 இல் வெளிவந்த 'பொதுக் கோட்பாடு' என்னும் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் இவ்வனுபவத்திற் பிறந்ததெனக் கொள்வதில் தவறில்லை. பத்திரிகை அழகுப்போட்டியிற் பரிசு நாடுவோர் தமக்கு அழகெனப் பட்ட முகத்தைத் தெரிவதில்லை. பெரும்பாலோர் எதனைத் தெரிவர் எனப் பெரும்பாலோர் எண்ணுவர் என்பதையே ஊகிக்கின்றனர். பங்குச் சந்தையும் அத்தகையதே என்றார் கெயின்ஸ். பங்குப் பரிமாற்றத்துக்குக் கனத்த வரி விதிக்கலாமென்றும், வட்டியில் வாழ்வோர் படிப்படியாக மறையலாமென்றும் கருதியவர், தாமும் முதலீட்டு வருவாயில் வாழ்ந்தவர். 1938 இல், இழப்புகள் குறித்துப் பணிப்பாளர் சபையில் எழுந்த பிணக்கின் பின்னர், காப்புறுதிக் கம்பனியின் தலைமையிலிருந்து விலகினார்.

சந்தையின் உளவியலை இத்துணை நுட்பமாகக் கண்டவர், பங்கிலாபம் எவருடைய உழைப்பிலிருந்து பிறக்கிறது என்ற வினாவை எழுப்பினாரல்லர். வர்க்கப் போர் மூளின் கற்றறிந்த பூர்ஷ்வாக்களின் பக்கமே தாம் நிற்பதாக 1925 இல் வெளிப்படையாகவே கூறியவர் அவர். தொழிலனுபவம் துலக்கியதும் மறைத்ததும் இங்கு ஒருங்கே புலனாகின்றன.

3

நிதிமூலதனம் ஓங்கிய அண்மைக் காலத்தில் நிலைமை மாறியது. றொபேட் மேர்ட்டன், மைரன் ஷோல்ஸ் ஆகிய இரு பேராசிரியர்கள் 1994 இல் தொடங்கப்பட்ட லோங்-ரேம் கப்பிற்றல் மனேஜ்மன்ற் நிதியத்தின் பங்காளிகளாயினர். 1997 இல் இருவரும் பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசைப் பெற்றனர். 1998 ஓகஸ்டில் ரஷ்யா கடனைச் செலுத்தத் தவற, அடுத்த மாதமே நிதியம் சரிந்தது. நியூயோர்க் மத்திய ஒதுக்க வங்கியின் ஏற்பாட்டில் 14 நிறுவனங்கள் ஏறத்தாழ 360 கோடி டொலரை இட்டு அதனைத் தாங்கின. கெயின்சிடம் தோல்வி கோட்பாட்டைத் திருத்தியது. இங்கோ கோட்பாடே விற்பனைப் பண்டமாகிவிட்டது. பண்டத்தின் மீது நம்பிக்கையிழத்தல் வணிகனுக்கு எளிதன்று.

2008 நெருக்கடியின் பின்னர், நிதி நிறுவனங்களிடம் ஊதியம் பெற்றவாறே அவற்றின் கட்டுப்பாட்டுத் தளர்வுக்குச் சார்பாக எழுதிய பேராசிரியர் பற்றிய கண்டனம் வலுத்தது. 2012 இல் அமெரிக்கப் பொருளியற் சங்கம், தன் சஞ்சிகைகளில் எழுதுவோர் தமது ஆய்வில் நலனுடைய தரப்பிடமிருந்து மூன்றாண்டுகளில் 10,000 டொலரோ மேலோ பெற்றிருப்பின் அதனை வெளிப்படுத்த வேண்டுமென விதித்தது. இது வரவேற்கத்தக்கதே, ஆயின் போதியதன்று. பெற்ற பணத்தை அறிவித்தல் ஒன்று. எவ்வாடிக்கையாளரும் பணந்தந்து கேட்காத வினாவைக் கேட்டல் வேறொன்று. மல்தூசிடம் வெளிப்படுத்துவதற்கு ஒளிவான வருவாய் எதுவும் இருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வளவுகோல் தரகர்க்கு மாத்திரம் உரியதன்று. பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் எசமானர் உளர். தம் நலனுக்கு எதிராக றிக்காடோ எழுதிய பக்கங்களைப் போன்று, நமது ஆய்வுகளில் எத்தனை பக்கங்கள் உள்ளன என்பதை நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.