கருமணலும் வெண்சுவரும்: புல்மோட்டை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டைக் கரையில் மணல் கறுத்துக் கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துப் பேரலைகள் பாரமற்ற மணலை அள்ளிச் சென்று, பாரமான கனியங்களைக் கரையிலே விட்டுச் செல்கின்றன. அவற்றுட் பெரும்பகுதி இல்மனைற். எஞ்சியவற்றுள் றூட்டைலும் சிர்கோனும் குறிப்பிடத்தக்கன. இக்கருமணலே உலகின் வீட்டுச் சுவர்களை வெண்மையாக்கும் நிறமிக்கு மூலப்பொருள் என்பதை, அக்கரையில் வாழ்வோரிலும் எல்லோரும் அறிந்திருப்பர் என்று கொள்வதற்கில்லை.

நமது பழைய வீடுகளுக்கு வெண்மை தந்தது சுண்ணாம்பு. கிழக்குக் கரையிலே முருகைக்கல்லையும் சிப்பியையும் காளவாயிலிட்டுச் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, கரைத்து, சிறிது நீலமுங் கலந்து தும்புத் தூரிகையாற் பூசினர். ஈரமாயிருக்கையில் மங்கலாகத் தோன்றும் இப்பூச்சு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்சியம் காபனேற்றாக இறுகியபின்னரே வெளுக்கும். இது சுவரின் ஈரம் வெளியேற இடங்கொடுக்கும். சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய மனையின் உட்சுவரில் இன்றைய பிளாத்திக்குப் பூச்சைத் தடித்துப் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் பூச்சை உரித்துத் தள்ளுகின்றன. அவ்வாறு உரிந்த சுவரைக் கண்டு தொழிலாளியைக் குறைகூறுவது பெரும்பாலும் நியாயமன்று. சுவருக்கு ஒவ்வாத பூச்சைத் தெரிந்தெடுத்ததே அங்கு பிழை. முருகைக்கல் அகழ்வை 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கரையோர வலயத்தில் தடுத்தது. கரையரிப்பை எண்ணுவோர் அத்தடையைக் குறைகூறமாட்டார்.

மேனாட்டார் வீடுகளின் கதை வேறு. அங்கு ஆளிவிதை எண்ணெயில் ஈயவெள்ளையைக் குழைத்துப் பூசினர். பூச்சோ உறுதியானது, ஆனால் பூசியவர்களுக்கு அது நஞ்சு. பழைய பூச்சைச் சுரண்டும்போது எழுந்த தூசு வயிற்றுவலியையும் கைமுடக்கத்தையும் தந்தது. 1921இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, சில விலக்குகளுடன், கட்டடங்களின் உட்பூச்சில் ஈயவெள்ளையைத் தடைசெய்யும் சமவாயத்தை ஏற்றது.

அத்தடையைச் சாத்தியமாக்கிய மாற்றுப் பொருள்களுள் ஒன்று அப்பொழுதுதான் சந்தைக்கு வந்திருந்தது. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலுள்ள ஓர் ஓடையின் கருமணலிலிருந்து வில்லியம் கிறெகர் என்ற பாதிரியார் 1791இல் ஒரு புதிய மூலகத்தைக் கண்டார். 1795இல் கிளாப்றொத் அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுகூடப் பொருளாயிருந்த அதன் ஈரொட்சைட்டு, முதலாம் உலகப் போர்க் காலத்தில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் வெண்ணிறமியாக உற்பத்தியாகத் தொடங்கியது. ஒளியை முறிக்கும் ஆற்றலில் அது ஈயவெள்ளையை மிஞ்சியது. றூட்டைல் வடிவின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 2.7, ஈயவெள்ளையினது 2 அளவே. ஆதலின் மெல்லிய பூச்சொன்றே பழைய கறையை மறைத்துவிடுகின்றது.

இலங்கையில் 1957இல் அமைக்கப்பட்ட கனியமணற் கூட்டுத்தாபனம் புல்மோட்டை மணலைக் கழுவி, காந்தத்தால் இல்மனைற்றைப் பிரித்து, யப்பான் முதலிய நாடுகளுக்கு ஏற்றியது. 1997 செப்டெம்பரில் இல்மனைற் ஏற்றுவதற்காகப் புல்மோட்டைக்கு அப்பால் நின்ற ‘கோடியாலிற்றி’ என்ற கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்குள்ளானது. சீன மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். தொழிலும் சில ஆண்டுகள் முடங்கியது. யுத்தம் கரைக்கு வந்தபோது சுவர்ப்பூச்சின் மூலப்பொருளுங் கூட இலக்காயிற்று.

இத்தொழிலின் குறை தொடக்கத்திலேயே இருந்தது. மணல் மணலாகவே ஏற்றப்பட்டது. நிறமியோ வெளிநாட்டிலிருந்து பன்மடங்கு விலைக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1946இலேயே நிறமித் தொழிற்சாலைக்கென ஒரு நிறுவனம் தோன்றியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் தொழிற்சாலை இல்லாமைக்கு அசட்டையை மட்டும் காரணங் கூறல் பொருந்தாது. சல்பேற்று முறையில் நிறமி செய்யப் பெருந்தொகைச் சல்பூரிக்கமிலம் வேண்டும். கழிவாக இரும்புச் சல்பேற்றும் அமில நீரும் மிஞ்சும். மீன்பிடித்து வாழும் கரையொன்றில் அக்கழிவை எங்கே விடுவது என்ற வினாவுக்கு விடை காணாமல், ஆலை வேண்டுமென்று மட்டும் கேட்பவர்கள் புல்மோட்டை மீனவரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.