ராதாரிச் சீட்டு

மதுரைக்கு மேற்கே கள்ளர் நாட்டு வரலாற்றைப் பேசுவோர் தவறாமல் சொல்லும் சொல் ‘ராதாரிச் சீட்டு’. காதில் ராத்திரி என்றே விழும். ஆனால் சொல் பாரசீகம். ‘ராஹ்’ என்றால் வழி, இன்றும் டெல்லித் தெருவில் புழங்குகிற சொல். வழியைக் காப்பவன் ராஹ்தார்; வழிச்சுங்கம் ராஹ்தாரி. ஔரங்கசீப் பட்டத்துக்கு வந்ததும் நீக்கிய வரிகளில் இதுவும் ஒன்று. வரி போயிற்று, சொல் தங்கிவிட்டது.

சுங்கம் கேட்டது மூட்டையில் என்ன இருக்கிறது என்று. சீட்டு கேட்டது நீ யாருக்குப் பிறந்தாய் என்று.

பிறப்பை வைத்தே சில சாதிகளைக் குற்றவாளிகளாக்கி 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதன் பதிவேட்டில் பத்து விரலும் உருட்டியவர், வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறார், யாரிடம் முகம் காட்ட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அக்காள் வீட்டுக் காதுகுத்துக்கும் அதே சீட்டுதான். கைரேகை வைக்க மறுத்த கள்ளர் நாட்டு ஊரான பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கி வெடித்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

சட்டத்துக்கு வாதாடியவர்கள் சொன்ன காரணம்தான் என்னை உறுத்துகிறது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோலத் திருடன் மகன் திருடனாவான், அது அவன் இயல்பு என்றார்கள். இயல்பு என்றால் அவன் தேர்ந்தெடுத்ததல்ல. பிறகு பழி எதற்கு? தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அவன் செய்யும் வரை காத்திருக்க வேண்டாமா? இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டார்கள். நம் ‘குற்றம்’ என்ற சொல்லும் இதற்கு இடம் கொடுக்கிறது. மணியில் உள்ள கீறலும் குற்றம், மனிதன் செய்த களவும் குற்றம். கீறலுக்காக மணியை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

அவர்களும் தங்கள் காலத்தின் பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். நான் ஒப்பமாட்டேன். சீட்டு எழுதியவர் எதிரே நின்ற ஆளைப் பார்த்துத்தான் எழுதினார், ஒவ்வொரு முறையும்.

அனந்தசயனம் அய்யங்கார் குழுவின் பரிந்துரைக்குப் பின், 1952 ஆகஸ்ட் 31 முதல் மத்திய அரசு சட்டத்தை நீக்கியது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தமிழில் ‘சீர்மரபினர்’ என்ற சொல் வந்தது. ஆனால் பழைய பார்வை சிறைக் கையேடுகளில் ஒளிந்திருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்துசெய்து, கைதிகள் பதிவேட்டில் சாதி எழுதும் கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது.