பித்தளையும் வெண்கலமும்: வேறுபாடு என்ன?

பாட்டி காலத்துப் பாத்திரங்கள் ஒன்றிரண்டாவது நம் வீட்டுப் பரணில் இருக்கும். மஞ்சளாகத் தெரிவதையெல்லாம் பித்தளை என்று சொல்லிவிடுகிறோம். அவற்றில் சில வெண்கலமாகவும் இருக்கலாம். இரண்டின் குணமும் ஒன்றல்ல. மீண்டும் அடுப்பில் ஏற்றும் முன் இதை அறிந்துகொள்வது நல்லது.

கலவை: இரண்டிலும் செம்புதான் பெரும்பகுதி. செம்புடன் துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பாத்திரப் பித்தளையில் துத்தநாகம் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் இருக்கும். மணி வார்க்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் சுமார் 20 சதவீதம்.

வலிமை: பித்தளை வளைந்து கொடுக்கும், தகடாக்கி அடித்துப் பாத்திரம் செய்யலாம். கீழே விழுந்தால் நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடலாம். வெண்கலம் அதைவிடக் கடினமானது. ஆனால் ஓங்கி விழுந்தால் விரிசல் விடும், உடைந்தும் போகும்.

ஓசை: தொங்கவிட்டுத் தட்டினால் வெண்கலம் மணிபோல நெடுநேரம் ஒலிக்கும். பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். 'வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல' என்ற பழமொழி சும்மா வரவில்லை.

சூடு: பித்தளையில் சூடு விரைவாகப் பரவும். வெண்கலம் மெதுவாகச் சூடேறும்.

புளிப்பு: கவனிக்க வேண்டிய இடம் இதுதான். புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் ஆகியவை பித்தளையில் பட்டால் செம்பும் துத்தநாகமும் உணவில் இறங்கும். வாந்தி, வயிற்றுவலி வரலாம். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். வெண்கலத்திலும் செம்பு இருப்பதால், புளிப்பான உணவை அதில் ஊற்றி வைக்கக் கூடாது.

எந்த ஈயம்?: தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு; குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பூச்சில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே விலை குறைவு என்று பார்க்காமல், சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு, நம்பிக்கையான ஆளிடமே கொடுங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எனவே ஈயம் பூசிய தேக்சாவை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். உள்ளே மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கினால் மறுபூச்சு போடும் நேரம் வந்துவிட்டது. அதுவரை அதில் சமைக்க வேண்டாம்.