சிவப்பழகின் வாக்குறுதி: இந்திய விளம்பரத்தில் பொய்யும் வசியமும் (1954–2024)

விளம்பரம் பொய் சொன்னால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பொய்யே சொல்லாமல் ஒருவரைத் தன் முகத்தின் மீதே வெறுப்புக் கொள்ளவைத்தால்? சிவப்பழகு கிரீம்களின் வரலாறு இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கிக் கிடக்கிறது.

1954இல் வந்த மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் சர்வரோக நிவாரணிகளின் விளம்பரங்களைக் குறிவைத்தது. தடைசெய்யப்பட்ட மருந்துகளின் விளம்பரத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என 1959இல் ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆனால் தோலின் நிறம் நோயல்லவே! சட்டத்தின் நோய்ப் பட்டியலில் அது இல்லை. 1975இல் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது தடுக்க எதுவும் இருக்கவில்லை.

நிற வேற்றுமையைக் கிரீம் உண்டாக்கவில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் அது ஏற்கெனவே இருந்தது. கிரீம் அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது. 1998இல் சென்னையின் கெவின்கேர் நிறுவனம் கொண்டுவந்த ‘ஃபேர்எவர்’, குங்குமப்பூவையும் பாலையும் முன்னிறுத்தியது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம் வீடுகளில் புழங்கும் நம்பிக்கை. விளம்பரம் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. குங்குமப்பூவைக் காட்டினால் போதும், மீதியைப் பார்ப்பவரே சொல்லிக்கொள்வார். இப்படிச் சொல்லாமல் விட்டதை எந்த ஆய்வகத்தில் சோதிப்பது?

மகன் இல்லையே என்று தந்தை புலம்ப, கறுத்த மகள் ஃபேர் அண்ட் லவ்லி பூசி விமானப் பணிப்பெண்ணாகும் விளம்பரம் இந்த வசியத்தின் உச்சம். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடிய பிறகு 2003இல் மத்திய அரசு ஃபேர் அண்ட் லவ்லியின் இரு விளம்பரங்களை நிறுத்தியது. ஆண்களையும் விட்டுவைக்கவில்லை: 2005இல் இமாமியின் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ வந்தது.

2009இல் சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்த நிறத்தவரை வேலையிலும் திருமணத்திலும் பின்தங்கியவர்களாகக் காட்டக் கூடாதென விதி வகுத்தது. விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு அது. ஆயினும் பொய்யைத் தாண்டிக் கதையையே கேள்வி கேட்ட விதி என்பதால் இதை முக்கியத் திருப்பமாகக் கருதுகிறேன். 2019இல் ஃபேர் அண்ட் லவ்லி உறையிலிருந்து நிற அளவுகோல் மறைந்தது. 2020இல் பெயரே ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. கிரீம் கடையில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்தை மனமாற்றம் என்று ஏற்கத் தயக்கமாக இருக்கிறது.

பொய்யைப் பிடிக்கும் சட்டம் என்ன செய்தது? 2013இல் 79 ரூபாய்க்கு ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வாங்கிய டெல்லிக்காரர் ஒருவர், நிறம் மாறவில்லை என்று நுகர்வோர் மன்றம் சென்றார். சத்தான உணவு, உடற்பயிற்சி, நல்ல பழக்கங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் பலன் என்றது நிறுவனம். அந்த நிபந்தனைகள் உறையில் இல்லையே என்றது மன்றம். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்த வழக்கில் 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: நுகர்வோர் நல நிதிக்கு 14.5 லட்சம் ரூபாய், வாங்கியவருக்கு 50,000 ரூபாய்.