ஆறாத புண்ணும் ஆய்வகத் தோலும்: ஒரு சிறு வரலாறு

"கால்ல புண்ணு வந்து ஆறு மாசமாச்சு, இன்னும் ஆறவே மாட்டேங்குது." வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதை நம் மாணவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். அறிவியல் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதுவோருக்கு இந்தப் புண்ணே நல்ல தலைப்பு.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டு செல்லும் சிரைகளில் சின்னச் சின்ன அடைப்பிதழ்கள் உண்டு. அவை பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கும், அழுத்தம் கூடும், கணுக்காலுக்கு மேலே தோல் வெடித்துப் புண்ணாகும். நீரிழிவுக்காரர்களின் கதை வேறு. நரம்பு மரத்துப்போவதால் அடிபட்டதே தெரியாது. இரத்தக் குழாயும் சுருங்கியிருந்தால் புண் ஆறத் தேவையான உயிர்வளி போய்ச் சேராது.

மூடாத புண்ணை எதைக் கொண்டு மூடுவது? 1869இல் பாரிஸில் ழாக் ரெவெர்தன் என்னும் இளம் மருத்துவர், நோயாளியின் தோலிலிருந்தே சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்துப் புண்மேல் வைத்தார். துணுக்குகள் ஒட்டிக்கொண்டு பரவின. ஆனால் ஓரிடத்தை மூட இன்னோரிடத்தைப் புண்ணாக்க வேண்டியிருந்தது. உடல் முழுதும் வெந்தவரிடம் எங்கே போய்த் தோல் எடுப்பது?

விடை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. 1975இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் இருவரும் மனிதத் தோலின் மேலடுக்கு உயிரணுக்களை ஆய்வகத் தட்டில் பெருக்கிக் காட்டினர். அவற்றைத் தாங்கி வளர்க்க எலி உயிரணுக்களைப் பயன்படுத்தினர். 1983இல் உடலின் பெரும்பகுதி வெந்த இரண்டு சிறுவர்களை, அவர்களின் தோலிலிருந்தே வளர்த்த தோல்தாள்கள் காப்பாற்றின.

காலில் வரும் நாட்பட்ட புண்ணுக்கு வேறொரு வழி பிறந்தது. யூஜின் பெல் என்பவர் கொலாஜன் கூழில் உயிரணுக்களை வளர்த்து, இரண்டு அடுக்குள்ள தோலை உருவாக்கினார். அந்த வழியில் வந்த ஆப்ளிகிராஃப், சிரைப் புண்ணுக்கு 1998இலும் நீரிழிவுக் கால்புண்ணுக்கு 2000இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் உயிரணுக்கள் பிறந்த ஆண் குழந்தைகளிடமிருந்து நீக்கப்பட்ட முன்தோலிலிருந்து வந்தவை. கொலாஜன் மாட்டிலிருந்து வந்தது. பல சமயத்தார் வாழும் நம் ஊரில், "இதுல என்ன சேர்த்திருக்கீங்க?" என்று நோயாளி கேட்பது நியாயமான கேள்விதான். இன்னொன்று: இந்தத் தோல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. அந்நிய உயிரணுக்கள் சில வாரங்களில் மறைந்துவிடும். அதற்குள் அவை சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் நோயாளியின் சொந்தத் தோலைத் தூண்டிவிடும்.

பலன் எவ்வளவு? 1998இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் ஆய்வகத் தோல் வைத்தவர்களில் 63 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. வெறும் அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களில் 49 விழுக்காட்டினருக்கு ஆறியது. அதாவது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறுக்கிக் கட்டிய துணியே போதுமாக இருந்தது! ஓராண்டுக்கு மேல் ஆறாத புண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதோ, 47க்கு 19 என்று வேறுபாடு பெரிதாயிற்று. எனவே இது எல்லாப் புண்ணுக்கும் முதல் மருந்து அல்ல. பிடிவாதமான புண்ணுக்கு அடுத்த படி.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1998இல் தோல் வங்கி தொடங்கப்பட்டது. 2002 பாலிக் குண்டுவெடிப்பில் தீக்காயமடைந்தவர்கள் சிலர் இம்மருத்துவமனையில்தான் சிகிச்சை பெற்றனர். பின்னர் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் இம்மருத்துவமனையும் சேர்ந்து, எலி உயிரணுக்களுக்குப் பதிலாக லாமினின் என்னும் மனிதப் புரதத்தின்மீது தோலை வளர்க்கும் முறையை 2018இல் வெளியிட்டன. கிரீனின் தட்டிலிருந்த எலியை வெளியேற்றிய வேலை அது. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், செருப்புத் தோலோடு நிற்காமல், கொலாஜன் காயத்தாள்களை உருவாக்கியது.

ஏன் இந்த வரலாறு நமக்கு? 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. ஆறாத புண்ணின் முடிவு சில வேளைகளில் காலையே இழப்பது.

ஆய்வகத் தோலும் தயாரான நிலத்தில்தான் வேர்விடும். அழுகிய சதை நீக்கப்பட வேண்டும், கிருமி அடங்க வேண்டும், இரத்தம் ஓட வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பொங்கோல் மாணவர்களே, தாத்தா பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தால் இரவில் அவர்களின் பாதத்தைப் பாருங்கள். சிவப்போ வெடிப்போ தெரிந்தால், "தானா ஆறிடும்" என்று விடாதீர்கள். ஒயாசிஸ் டெரசஸில் பலதுறை மருந்தகம் இருக்கிறது, பக்கத்திலேயே செங்காங் பொது மருத்துவமனை இருக்கிறது. புண் சின்னதாக இருக்கும்போதே போனால், ஆய்வகத் தோலுக்கே வேலை இருக்காது.