பதிவேட்டில் இல்லாத பிள்ளை

என் தாயார் ஈன்ற மக்கள் எழுவர். புதுச்சேரி நகராட்சியின் பிறப்புப் பதிவேடுகளில் இருப்போர் அறுவர். எனக்கு மூத்தவளாய் 1956-இல் பிறந்த ஒரு பெண், இரண்டு நாள் வாழ்ந்து மூன்றாம் நாள் விடியலில் கண்மூடினாள். அவள் பிறந்ததையும் எங்கள் வீட்டார் சொல்லவில்லை, இறந்ததையும் சொல்லவில்லை. பெயரே வைக்காத பிள்ளைக்குப் பதிவு எதற்கு என்றாளாம் என் பாட்டி. நெடுங்காலம் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய எனக்கு அந்த ஒரு வரியின் குறை இன்றும் உறுத்துகிறது.

நம் ஊரில் பதிவேட்டுக்குப் பஞ்சமில்லை. 1880-இல் நகரசபைகள் ஏற்பட்டபின், பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் சொல்ல மக்கள் ‘மேரி’ என்னும் நகரமன்றத்துக்கே சென்றனர். பிரெஞ்சுச் சிவில் சட்டம் ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு படியாக எழுதச் சொன்னது. ஒன்று நகரமன்றத்தில், மற்றொன்று நீதிமன்றத்தில். கறையான் ஒன்றை அரித்தாலும் மற்றொன்று பிழைக்கும். ஆயினும் இரு படிகளும் ஒரே வாய்மொழியைக் கேட்டு எழுதியவை. சொல்லாதது இரண்டிலும் இராது. பிரான்சில் 1806-இல் பிறந்த ஓர் ஆணையோ இன்னும் விந்தையானது. பதிவுக்கு முன்பே குழந்தை இறந்துவிட்டால், அது உயிரோடு பிறந்ததா என்று சொல்லாமல், ‘உயிரின்றிக் காட்டப்பட்டது’ என்றே எழுதவேண்டும் என்பது அதன் விதி. இரண்டு நாள் மூச்சுவிட்ட பிள்ளையும் கருவிலேயே இறந்த பிள்ளையும் அங்கே ஒன்றாயின. சிசு மரணத்தை அளக்க விரும்பினோர்க்கு இது எத்துணை இடர் தந்திருக்கும்!

எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆட்சியில் கிராம அதிகாரியே கணக்கெழுதினார். மருத்துவம் அறியாத அவருக்கு மரணத்தின் காரணம் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிற்று. 1918-இல் இன்புளுவென்சா வந்தபோது எழுதவேண்டியவர்களே பலவிடத்தும் நோயில் வீழ்ந்தனர். நாடெங்கும் சுமார் அறுபது இலட்சம் பேர் மாண்டனர் என்பது சுகாதார அதிகாரிகளின் முதற்கணக்கு. 1921-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கு வந்த பின்னரே, மாண்டோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர் என்பது புலனாயிற்று.

அப்படியாயின், பதிவேட்டில் விடுபட்டோரை எண்ணுவது எங்ஙனம்? காணாததை எண்ண இயலுமா? இயலும் என்று 1949-இல் காட்டினர் கல்கத்தாவிலிருந்த சி. சந்திரசேகரனும் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்கும். கல்கத்தாவை அடுத்த சிங்கூர்ப் பகுதியில் பதிவாளரின் பட்டியலை ஒருபுறமும், வீடுவீடாகச் சென்று திரட்டிய பட்டியலை மறுபுறமும் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டனர்.

அவர்தம் முறையை வகுப்பறைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். முதற் பட்டியலில் 80 மரணங்கள், இரண்டாவதில் 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் இருப்பவை 48. ஆகவே முதலாவதில் மட்டும் இருப்பவை 32. இரண்டாவதில் மட்டும் இருப்பவை 12. இவ்விரண்டையும் பெருக்கி 48-ஆல் வகுத்தால் 8 வரும். இரு பட்டியலிலும் சிக்காதவை அந்த எட்டே. மொத்தம் நூறு. நிபந்தனை ஒன்றுண்டு: இரண்டாமவர் முதற் பட்டியலைப் பார்க்கலாகாது. பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதிய விடைத்தாள் இருவரின் அறிவையும் காட்டாது என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை.

பின்னர் 1964-65-இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70-இல் நாடு முழுவதும் பரவிய மாதிரிப் பதிவுத் திட்டத்திலும் இந்த இருமுறைக் கணக்கே அடித்தளமாயிற்று. உள்ளூர்க் கணக்காளர் ஒருவர் ஆண்டு முழுதும் எழுதி வருவார். மேற்பார்வையாளர் அரையாண்டுக்கு ஒருமுறை தனியே வந்து விசாரிப்பார். ஒவ்வாத பெயர்களுக்காக மீண்டும் அவ்வீடுகளுக்குச் செல்வார்கள். அந்த உள்ளூர்க் கணக்காளர் பலவிடத்தும் பள்ளி ஆசிரியரே என்பதில் எனக்குச் சிறிது பெருமை.

2008 முதல் மருத்துவமனைகளின் மாதாந்தரக் கணக்குகள் கணினி வழியே தேசிய அளவில் சேர்கின்றன. நம் ஊருக்கு இதில் தனியான ஒரு சிக்கல். ஜிப்மர் முதலிய மருத்துவமனைகளுக்கு விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் தாய்மார் வருகின்றனர். பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு என்பது சட்டம். வகுக்கும் எண் நம் ஊர் மக்கள்தொகையைக் கொண்டு எதிர்பார்க்கும் பிறப்புகள். வகுபடும் எண்ணிலோ அயலூர்ப் பிள்ளைகளும் உண்டு. விழுக்காடு நூறைத் தாண்டினாலும் அது சாதனையாகாது. நம் பிள்ளை ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் தெரியாது.

என்னிடம் படித்த பெண்ணொருத்தி இப்போது சுகாதாரச் செவிலி. ஒருமுறை தன் மாதப் படிவத்தை என்னிடம் காட்டினாள். சிசு மரணம் என்ற கட்டத்தைச் சுட்டி, சிலர் இதை வெறுமையாக விடுகிறார்கள் என்றாள். “சுழி போட்டால் யாரும் இறக்கவில்லை என்று பொருள், ஐயா. வெறுமையாக விட்டால் யாரும் போய்க் கேட்கவில்லை என்று பொருள்.” அவளும் அந்தக் கட்டத்தில் முதலில் சுழிதான் இட்டிருந்தாள். பிறகு ஒரு வீட்டுக்கு மறுமுறை சென்று விசாரித்து, அதை அடித்துவிட்டு, அருகே ‘1’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தாள்.