குலசைக் கட்டுச்சோறும் ஜப்பான் பென்டோவும்

காலை ஏழரை மணிக்கு நம் லிஃப்டில் நின்று பாருங்கள். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். சிலரிடம் ஸ்டீல் டிபன் கேரியர், சிலரிடம் ஹாட்பேக். கொஞ்ச நாளாக அறை அறையாகத் தடுத்த ஜப்பான் பென்டோ டப்பாவும் நிறையத் தென்படுகிறது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு டப்பாக்கள் சேர்ந்தே வேலைக்குக் கிளம்புகின்றன. அந்த டப்பாவின் கதையைத்தான் இந்தக் காலாண்டு உங்களோடு பேசப் போகிறேன். அதற்கு ஜப்பானில் தொடங்க வேண்டியதில்லை. திருச்செந்தூர் தாண்டி, என் ஆச்சியின் ஊரான குலசேகரன்பட்டினம் வரை வந்தால் போதும்.

இன்று குலசை என்றால் உங்களுக்கு முத்தாரம்மன் கோயில் தசரா நினைவுக்கு வரும். அல்லது 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம். பஸ்ஸும் வேனும் பெருகாத காலத்தில் அந்தத் தசராவுக்குச் சனங்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். வழியெல்லாம் தேரிக்காட்டுச் செம்மணலும் பனங்காடும்தான். நினைத்த இடத்தில் சாப்பிட ஓட்டல் கிடையாது. கையில் கட்டிக்கொண்டு வந்ததுதான் சாப்பாடு. இதற்குப் பழந்தமிழில் ‘ஆற்றுணா’ என்று ஓர் அழகான சொல் உண்டு. ஆறு என்றால் வழி, வழிக்கான உணவு. பிறகு அது பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு என்றெல்லாம் பெயர் பெற்றது.

என் ஆச்சி கட்டுச்சோறு கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சோற்றை உதிரி உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆற விடுவாள். புளிக்காய்ச்சல் கெட்டியாகச் சுண்டி, எண்ணெய் பிரிந்து மிதக்க வேண்டும். கானத்தை வறுத்து, தண்ணீர் அதிகம் காட்டாமல் துவையல் அரைப்பாள். தேங்காய்ச் சட்டினிப் பக்கமே போக மாட்டாள். எல்லாம் ஆறிய பிறகுதான் வாழை இலையில் பொதிந்து, பனையோலைப் பெட்டியில் வைப்பாள். “சூட்டோட கட்டுனா சோறு வேர்த்துரும்லே” என்பது அவள் வாக்கு.

இப்போது ஜப்பானுக்குப் போவோம். அங்கே பயணச் சாப்பாட்டின் அடிப்படை ஒரு சோற்று உருண்டை. அதன் நடுவில் உமெபோஷி என்ற காய் இருக்கும். உமே என்ற புளிப்புக் காயை உப்பில் ஊற வைத்து வெயிலில் காய வைப்பது அது. நம் உப்பு நார்த்தங்காய்க்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1885-இல் உட்சுனோமியா ரயில் நிலையத்தில் விற்றதுதான் அந்த நாட்டின் முதல் ரயில் நிலையப் பென்டோ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் இருந்தவை இரண்டு சோற்று உருண்டை, உள்ளே உமெபோஷி, தொட்டுக்கொள்ள முள்ளங்கி ஊறுகாய். சுற்றியிருந்தது மூங்கில் மடல். நமக்குப் புளியும் நல்லெண்ணெயும் வாழை இலையும். அவர்களுக்கு உமெபோஷியும் உப்பும் மூங்கில் மடலும். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

காரணம், இருவருக்கும் எதிரி ஒன்றுதான். அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக, ஈரமாக, மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக இருந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பெரிய அளவில் சுமார் 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் கடற்கரை வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் டப்பா இருப்பது அதற்குள்தான். புளிப்பும் உப்பும் கிருமியை மட்டுப்படுத்தும். ஈரம் குறைந்தால் அதன் வேகமும் குறையும். கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடியைப் போட்டால், ஆவி மூடியில் பட்டு நீராகிச் சோற்றிலேயே சொட்டும். ஆச்சி சொன்ன ‘வேர்வை’ அதுதான். ஜப்பானியர் பென்டோ கட்டும்போது கடைப்பிடிக்கும் முக்கிய விதியும் இதுவே: ஆறிய பிறகு மூடு.

பாத்திரத்திலும் இதே கணக்குதான். ஜப்பானில் சிடார் மரத்தை வளைத்துச் செய்யும் பென்டோ பெட்டிக்கு இன்றும் மதிப்பு. மரம் கூடுதல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஓலைப்பெட்டி காற்றோட்டம் விடும். குலசைக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கும் மணப்பாட்டில் பெண்கள் இன்றும் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். அங்கே போனால் ஒன்று வாங்கி வாருங்கள். இலையில் பொதிந்த புளிச்சோற்றுக்கு அதைவிட நல்ல பெட்டி இல்லை.

இதுவரை சோற்றின் வரலாறு. இனி அதைக் கட்டிய கையின் வரலாறு.

கட்டுச்சோற்றின் நெடுங்கதையில் பெரும்பாலும் போகிறவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர். கடலுக்குப் போகிறவருக்கும் பனையேறப் போகிறவருக்கும் தூக்குச்சட்டியை நிரப்பியது வீட்டுப் பெண். அவளுக்கென்றே கட்டுச்சோறு கட்டும் நாள் ஒன்று உண்டு. பல ஊர்களில் வளைகாப்பின்போது பிறந்த வீட்டார் விதவிதமாய்ச் சோறு கட்டிக் கொண்டுவந்து மகளை அழைத்துப் போகிறார்கள். வாழ்க்கையில் அது எத்தனை முறை வந்துவிடும்? உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்பும் பெண்களோ, வீட்டுக்கு ஆக்கி வைத்துவிட்டுத் தங்கள் தூக்குச்சட்டியையும் தாங்களேதான் நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.

ஜப்பானிலும் இப்படித்தான். அன்பு மனைவி கட்டிக் கொடுத்த பென்டோ என்பதற்கு ‘அய்சாய் பென்டோ’ என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆனால் 2009 வாக்கில் அங்கே இன்னொரு சொல்லும் பரவியது: ‘பென்டோ தான்ஷி’. தன் டப்பாவைத் தானே கட்டும் ஆண் என்று பொருள். பொருளாதார நெருக்கடியில் ஓட்டல் செலவைக் குறைக்க நினைத்த ஆண்கள் அடுப்படிக்குள் வந்தார்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னும் பழைய முன்னுதாரணம் உண்டு. திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடு நடந்துகொண்டிருந்த அப்பருக்கு, சிவபெருமானே பொதிசோற்றோடு வழியில் காத்திருந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. சோறு கட்டுவது ஆணுக்கு இழுக்கு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. நானும் என் மனைவியும் இருபது வருடங்களுக்கு மேலாக வேலைக்குப் போனவர்கள். தினமும் என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். உப்பு குறைந்தால் அதையும் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில், “உன் டப்பாவில் என்ன கொண்டுபோவாய்?” என்று கேட்டேன். “உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தது போக மிச்சம் எதுவோ அது. பல நாள் வெறும் மோர்ச்சோறுதான்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. இப்போது பேத்தியின் பள்ளி டப்பாவைக் கட்டுவது என் வேலை. முதல் வாரம் சூட்டோடு மூடி, தக்காளிச் சோற்றைக் கெடுத்து, ஆச்சியின் பாடத்தை மறுபடி படித்தேன்.

ஆகவே உங்களுக்குச் சில யோசனைகள். சோற்றைத் தட்டில் பரப்பி, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே மூடுங்கள். ஃபேன் காற்றில் பதினைந்து இருபது நிமிடம் போதும். குழம்பையும் சோற்றையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். தேங்காய் அரைத்த கூட்டை வெயில் காலத்தில் தவிருங்கள். தயிர்ச் சோற்றுக்கு ஆறிய பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியம் பதமாக இருக்கும். புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமை காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரத்தில் இரண்டு காலைகள் மிச்சம்.

கடைசியாக ஒன்று. நம் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. முத்துக்குளிக்கும் தோணியில் ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கல்லோடு மூழ்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். பிறகு முறை மாறும். ஒருவரே நாள் முழுக்க மூழ்கிக்கொண்டிருந்தால் மூச்சு தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலிருந்தும் காலையில் இரண்டு டப்பாக்கள் இறங்குகிறதா? நாளை ஒரு நாள் முறையை மாற்றிப் பாருங்கள். கட்டும்போது இரண்டு டப்பாவிலும் ஒரே சாப்பாட்டை வையுங்கள்.